கீழே வைத்த கை

கோணத்துறையில் அமலோற்பவம் கீழே வைத்த கை சாகாமல் கிடந்ததைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள், அது எப்படிச் சாகாமல் கிடந்தது என்று கேட்பதில்லை, காற்று ஏன் மத்தியானத்துக்கு மேல் திசை மாறுகிறது என்று அங்கே யாரும் கேட்காத மாதிரி. அவர்கள் கேட்பதெல்லாம் அதைச் செத்தது என்று சொன்னவர்கள் யார், சொல்ல மறுத்தவர்கள் யார், அன்றைக்கு அவரவர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைத்தான், அதிலும் தப்பான பக்கம் நின்றவர்களே இப்போது கூடுதலாகக் கேட்கிறார்கள். கை என்றால் மணிக்கட்டில் இருக்கிற கையல்ல, சீட்டாட்டத்தில் ஒருவர் பங்குக்கு வந்து விழுகிற ஐந்து சீட்டு. அந்த ஐந்தையும் போட்டவள் சலேத், அமலோற்பவத்தின் தம்பி கஸ்பாரின் மனைவி. இது அவளுக்கு நடந்த கதை.

கஸ்பாரின் தகப்பனார் சவேரியான் கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். சரக்கு இறங்கும்வரை துறைமுகத்தில் காத்துக் கிடக்கிற பொழுதில் எந்தெந்தத் தேசத்து மாலுமிகளோடோ உட்கார்ந்து போக்கர் ஆட்டத்தைப் படித்துக்கொண்டு வந்து, சோப்பையும் துணியையும் இறக்கின கையோடு அதையும் வீட்டில் இறக்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் பேசித் தீர்க்கிற பழக்கம் போய்விட்டது. திருவிழாவுக்கு யாருக்குப் பட்டு எடுப்பது, மூத்தவளைப் படிக்க வைப்பதா நிறுத்துவதா, எல்லாவற்றுக்கும் சோழியைக் கொட்டி, சீட்டைப் போட்டு, ஆடித்தான் முடிவெடுத்தார்கள். ஆட்டம் பெரிய சூத்திரமில்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு, பிடிக்காததைக் கழித்து மாற்றிக்கொள்ளலாம், பிறகு பந்தயமாகச் சோழியை நடுவில் தள்ளிக்கொண்டே போக வேண்டியது; தாங்காது என்று தோன்றினால் கையைக் கவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு விலகலாம், அப்படி விட்டது செத்த கை, திரும்ப எடுக்க முடியாது; தாங்கும் என்று தோன்றினால் எதிராளிக்குச் சமமாகத் தள்ளிவிட்டுத் திறந்து காட்டலாம். பொய்யான முகம் வைத்துக்கொள்ளலாம். பொய்யாகச் சிரிக்கலாம். ஆனால் பொய்ச் சத்தியம் செய்து யாரும் ஆடினதில்லை.

தாயார் இஞ்ஞாசியம்மாள் வீட்டை யாருக்கு என்று சொல்லாமலே கண்ணை மூடினாள். அமலோற்பவம் துறைமுக ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், தாயாருக்குக் கடைசி நாள்வரை கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, அதே வீட்டில் கிடந்தவள். கஸ்பார் கல்யாணமானதிலிருந்து சலேத்தோடு ஐஸ் பேக்டரிச் சந்தில் வாடகைக்கு இருந்தான். அந்தச் சந்தில் இயந்திரம் ஓடுகிற அதிர்வில் சுவர்க்கடிகாரம் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாயும், அமோனியா நெடிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியாது, குடிக்கிற தண்ணீருக்குச் சலேத் இரண்டு தெரு நடப்பாள். இஞ்ஞாசியம்மாள் வீட்டிலோ கடலைப் பார்த்த முன்னறை, நடுவீடு, தாயாரின் அறை, அடுப்படி, பின்னால் வலை போட்டுவைக்கிற அறை, இத்தனையும் போக அந்தக் கரையிலேயே உப்புக் கரிக்காத கிணறு. முன்னறை ஜன்னல் பக்கம் நிற்கும்போதெல்லாம் சலேத்தின் முந்தானை தானாகப் பறக்கும். அவள் அந்த ஜன்னலை ஆசைப்பட்டாள். அதில் மறைக்க ஒன்றுமில்லை, ஜன்னலை ஆசைப்படாமல் அந்தச் சந்தில் யாரும் அத்தனை வருஷம் இருக்க முடியாது.

"ஒரு வாசல், ஒரு அடுப்பு, இதை எப்படிக்கா ரெண்டாக்க?" என்றான் கஸ்பார். "அப்பா இருந்தா என்ன செய்வாரோ அதைச் செய்வோம்."

துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக வாடகைக்கு எடுத்த பெஞ்சைக்கூட அப்போது திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடுவீட்டு மேஜையில் சோழியைப் பிரித்துக் குவித்தார்கள். இந்தக் குவியல் முன்னறை, இந்தக் குவியல் அடுப்படி, இந்தக் குவியல் கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார்கள். சீட்டுப் போட யாருக்கும் சார்பில்லாத ஆள் வேண்டும் என்றார் சவேரியானின் தம்பி தொபியாஸ். சலேத் கஸ்பாரின் மனைவியாயிற்றே என்று அவரே சந்தேகப்பட்டபோது அமலோற்பவம்தான், "அவ போடட்டும், அவ கை சுத்தம்" என்றாள். ஒப்புக்குத் தொபியாஸும் ஒரு கை உட்கார்ந்தார்.

மத்தியானம் முழுக்க அறைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. வெயில் மேஜைக்காலைத் தொட்டபோது சலேத் போட்ட கையில், முன்னறையும் நடுவீடும் தாயாரின் அறையும் அடுப்படியும் எல்லாமே நடுவில் குவிந்து கிடந்தன. தொபியாஸ் விலகிவிட்டார். கஸ்பார் தன்னிடம் மிச்சமிருந்த கிணற்றையும் தள்ளினான். அமலோற்பவத்திடம் மிச்சமிருந்தது வலை அறை மட்டும். அதையும் தள்ளினால்தான் தம்பியின் கையைத் திறந்து பார்க்க முடியும். தள்ளித் தோற்றால் தலை சாய்க்க அந்த அறையும் இல்லை. அவள் யோசித்தாள். சீட்டு விளிம்பைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள்.

கஸ்பார் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "புல் அவுஸ்க்கா" என்றான். மூன்று ஒன்றுபோலவும் இரண்டு ஒன்றுபோலவும் சேர்ந்து விழுகிற கை அது, சாமானியத்தில் தோற்காதது. "வீணா அந்த அறையையும் விடாத. நீ எங்க போவ?"

"விளையாட்டுக்குச் சொல்லுதியா?"

அவன் எழுந்து, சுவரில் புது மாலை வாடிக்கொண்டிருந்த தாயாரின் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். "அம்மா ஆத்துமா மேல ஆணை. புல் அவுஸு."

அமலோற்பவம் படத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் ஐந்து சீட்டையும் கவிழ்த்துத் தனக்கு முன்னால் வைத்தாள். கழித்த சீட்டுக் குவியலிலே போடவில்லை, தனக்கு முன்னால்தான் வைத்தாள், அவள் விரல்நுனி இன்னும் சீட்டின் மேலேயே இருந்தது. அப்போதுதான் தொபியாஸ், புல் அவுஸைப் பார்க்கிற ஆசையில், கஸ்பாரின் சீட்டைத் திருப்பினார். இரண்டு ஆறு. மற்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டு.

"அப்ப என் கை இருக்கு" என்று அமலோற்பவம் சீட்டை அழுத்தினாள்.

கஸ்பாரின் முழங்கை மேஜை மேல் நகர்ந்தது. கழித்த சீட்டுக் குவியலைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் சீட்டின் மேல் இடித்தது. "குவியல்ல சேந்தாச்சு. செத்த கைக்கா அது. ஏ சலேத்து, எல்லாத்தையும் எடுத்துக் கலை."

சலேத் எடுத்தாள். இவள் எடுக்கிறபோது அமலோற்பவமும் விரலை விலக்கிக்கொண்டாள், சலேத்தின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விலக்கிக்கொண்டாள். சலேத் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கலைத்தாள், அந்த ஐந்தும் கலையவில்லை. எந்தச் சீட்டுக்குள் சொருகினாலும் ஒன்றாகவே வெளியே வந்து விழுந்தன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், அடைகாத்த முட்டை மாதிரி சூடாக இருந்தது. மேஜையில் வைத்தாள், தூங்குகிற பூனையின் வயிறுபோல ஐந்தும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்ந்தன.

தொபியாஸ் குனிந்து பார்த்தார். "மூச்சு இருக்கே" என்றார்.

"பொழுது சாயறதுக்குள்ள அடங்கிரும்" என்றான் கஸ்பார்.

அடங்கவில்லை. கஸ்பார் அந்த வாரமே ஐஸ் பேக்டரிச் சந்திலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினான். அமலோற்பவம் ஒரு பாயையும் தன் துணிமணியையும் எடுத்துக்கொண்டு வலை அறைக்குப் போனாள். என் கை சாகாதவரை ஆட்டம் முடியவில்லை, ஆட்டம் முடியாதவரை வீட்டு நிலைப்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், போனவள் தண்ணீருக்குக்கூடத் தெருக்குழாய்க்குத்தான் நடந்தாள். நடுவீட்டு மேஜையில் அந்தக் கை மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. சலேத்தைத் தவிர யார் தொட்டாலும் பாறையில் பிடித்த சிப்பி மாதிரி மேஜையைக் கவ்விக்கொண்டது. சலேத்துக்கு மட்டும் எழும்பி வந்தது. அவளும் அதைத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்பக் கவிழ்த்தே வைத்தாள். திருப்பிப் பார்க்கவில்லை. கீழே வைத்த கையைச் சீட்டுப் போடுகிறவள் திருப்பிப் பார்ப்பது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும்.

செய்தி பரவப் பரவக் கோணத்துறை ஆட்கள் வந்தார்கள். மூச்சு விடுகிற சீட்டைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைத்து, சலேத் கொடுத்த தண்ணீரைக் குடித்து, உட்கார்ந்து, நேரே வழக்குக்குள் இறங்கினார்கள். வாயால் விட்டேன் என்று சொன்ன நிமிஷமே கை செத்தது என்றார்கள் சிலர், அவள் வாயால் சொல்லவே இல்லையே என்றார்கள் மற்றவர்கள். விரலை விட்டு அகன்றால்தான் சாவு என்றார்கள், குவியலைத் தொட்டால்தான் சாவு என்றார்கள், தொட்டால் போதாது, அடையாளம் தெரியாமல் கலந்தால்தான் சாவு என்றார்கள். மீன் ஏலம் விடுகிற அருளப்பன், "வலையிலேருந்து மணல்ல கொட்டினா அது செத்த மீன்தான், துள்ளினா என்ன துள்ளாட்டா என்ன" என்றார். "அப்ப துள்ளுற மீனை மட்டும் ஏன்வே கூட வெலைக்கு விக்கீரு?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

டாக்டர் வந்து குழாயை வைத்துக் கேட்டார். "துடிப்பு சீரா இருக்கு" என்றார். "ஆனா இது எனக்கு வர்ற கேஸ் இல்ல." பங்குச்சாமி வந்து வெகுநேரம் நின்றார். மூச்சு இருக்கிறதை அடக்கம் செய்யச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள், சூதாட்டச் சீட்டுக்கு ஜெபிக்கச் சொல்லியும் கேட்காதீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் மற்ற வீடுகளில் நடந்த ஆட்டங்கள் எல்லாம் தட்டுக்கெட்டுப் போயின. ஒருத்தர் கையைக் கீழே வைத்தால் எதிரே இருக்கிறவர் அது ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்த்தது தப்பு என்று சண்டை வந்தது. பெண்கள் வேறு விதமாக வந்தார்கள். அவர்கள் வாதாடவில்லை. மேஜைப் பக்கம் நின்று, குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் பின்னால் வலை அறைக்குப் போய் அமலோற்பவத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சிலர் அழுதுவிட்டுப் போனார்கள்; யாரைப் பற்றி அழுதார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, அமலோற்பவமும் கேட்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். கஸ்பாரைக் கேட்டார்கள், தொபியாஸைக் கேட்டார்கள், அந்த மேஜையில் உட்காரவே உட்காராத அருளப்பனைக் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்த சலேத்திடம், இது நல்ல தண்ணி என்றார்கள்.

சலேத்துக்கு முதலில் அந்தக் கையின் மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு ஜன்னல் கிடைத்திருக்கிறது, அதன் முன்னால் நிம்மதியாக நிற்கவிடாமல் நடுவீட்டில் இது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறதே என்று ஆத்திரம். ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் ரசத்தை எடுத்துக்கொண்டு வலை அறைக்குப் போனாள்.

"மதினி, அதுல என்னதான் வச்சிருந்திய? சொன்னா முடிஞ்சுபோவும்லா."

அமலோற்பவம் வலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஊரே அதைத்தான் கேக்கு. பெரிய கைன்னா நியாயம் என் பக்கம்பாவ, சின்னக் கைன்னா இதுக்கா இவ்வளவுன்னு எந்திரிச்சுப் போவாவ. நான் சொல்லமாட்டேன். என்ன இருந்துதுங்கறது அப்புறம். அது எனக்குள்ளதா இல்லையா, அதை முதல்ல சொல்லட்டும்."

"யாரு சொல்லணும்?"

அமலோற்பவம் ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சலேத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை, மேஜையில் விரலை விலக்கிக்கொண்டபோது பார்த்த அதே பார்வை. சலேத் பாத்திரத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து வந்துவிட்டாள்.

கஸ்பாருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையின் மேல் செங்கல்லை வைத்தான். செங்கல் எழுந்து எழுந்து தாழ்ந்தது. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து வைத்தான், டப்பாவுக்குள்ளிருந்து வெப்பம் வந்தது. ஒரு நாள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் மேல் வைத்துவிட்டு மீன்கடைக்குப் போனான். சலேத் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவீட்டிலிருந்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தவர் மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். மறுபடி வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடி, குழவியைத் தூக்கித் தரையில் இறக்கினாள். சீட்டு ஐந்தும் வெளுத்துப்போயிருந்தன. அவள் முந்தானையால் விசிறினாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வெகுநேரம் விசிறிக்கொண்டு நின்றாள். மூச்சு சீரானது. அப்போது அவளுக்கு வந்த ஆத்திரம் இந்தக் கையின் மேல் இல்லை.

கஸ்பார் வந்து குழவி தரையில் கிடப்பதைப் பார்த்தான். "நீ யாரு பக்கம்?"

"குழவியில எனக்குச் சட்னி அரைக்கணும்" என்றாள்.

"வீடு வேணுமா வேண்டாமா உனக்கு?"

"வேணும்" என்றாள் சலேத். அது பொய்யில்லை.

கடைசியில் ஊர்க் கமிட்டியையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி ஆட்கள் வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், இடமில்லாதவர்கள் வாசலிலும் ஜன்னல் கம்பியிலும் நின்றார்கள். அமலோற்பவம் நிலைப்படிக்கு வெளியே முற்றத்தில் நின்றாள். கஸ்பார் நன்றாகவே பேசினான். "எதிராளி சீட்டைப் பாத்த பிறகு யாருக்குத்தான் தன் கை உயிர் பெறாது? இன்னிக்கு எங்க அக்காவுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு உங்க வீட்டு ஆட்டத்துல கீழே வச்ச ஒருத்தனும் விட்டேன்னு ஒத்துக்கமாட்டான். விட்டது விட்டதுதான்னு ஒரு கோடு வேணும்லா?" ஆட்கள் தலையை ஆட்டினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது, சலேத்துக்குக்கூட அது தெரிந்தது; அந்த நியாயத்தைச் சொல்லுகிற வாய் எது என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சத்தியம் செய்தானாமே என்று ஒருத்தர் இழுத்தார். ஆட்டத்தில் ஏமாற்றுவது சகஜம் என்றார் கமிட்டித் தலைவர். எல்லாரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். தொபியாஸ், "குவியலைத் தொட்டுது, அதை நான் பாத்தேன்" என்றார். எப்படித் தொட்டது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கையைக் கீழே வச்சாச்சு, குவியலைத் தொட்டாச்சு. செத்ததுன்னு கமிட்டி முடிவு பண்ணுது. மூச்சு வர்றது அது பழக்கதோஷம். கலைச்சுப் போட்டா அடங்கிரும். யாரும்மா கலைக்கறது?"

அந்தச் சீட்டு வேறு யாருக்கும் எழும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அடுப்படி வாசலைப் பார்த்தார்கள்.

சலேத் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இடது கையில் அந்த ஐந்தையும் எடுத்தாள், வலது கையில் மற்றதையெல்லாம் எடுத்தாள். "அழுத்திப் பிடிச்சுக் கலை, இந்தத் தடவை பலமா" என்றான் கஸ்பார். அவள் அழுத்தினாள். உள்ளங்கைக்குள் அது ஒரு தடவை தவித்தது, குழவிக்கு அடியில் தவித்த அதே தவிப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்துவிடும் என்று அவள் கைக்குத் தெரிந்தது. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து அத்தனை பேர் சட்டையையும் படபடக்க வைத்தது. அவள் வலது கைச் சீட்டை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள். இடது கையில் இருந்ததை, அமலோற்பவம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த காலி நாற்காலிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"இது சாகல" என்றாள்.

"கமிட்டி சொல்லியாச்சேம்மா" என்றார் தலைவர்.

"சீட்டுப் போட்டது கமிட்டி இல்ல. நான்." அவள் குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது. "மதினி கையைக் குவியல்ல வைக்கல, தனக்கு முன்னால வச்சாவ. நான் சீட்டை எடுக்கறவரை விரலை எடுக்கல. இவியதான் முழங்கையால குவியலைத் தள்ளிக்கிட்டு வந்து அது மேல இடிச்சாவ. கை போய்க் குவியலைத் தொடல, குவியல் வந்து கையைத் தொட்டுது." அவள் தொபியாஸைக் காட்டினாள். "சின்ன மாமாவும் பாத்தாவ, அதைச் சொல்லாம விட்டுட்டாவ. இவிய சீட்டைத் திருப்பினதும் சின்ன மாமாதான், மதினி கேக்கல. இல்லாத சீட்டை இருக்குன்னு, செத்தவ ஆத்துமா மேல ஆணை வச்சுச் சொல்லிக் கீழ வைக்கவச்ச கை, விட்ட கை இல்ல, பிடுங்கின கை. அப்படிப் பிடுங்கினது எப்படிச் சாவும்?"

கஸ்பார் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "வீடு போயிரும், சலேத்து."

"தெரியும்."

தலைவருக்குக் கோபம். "இது தெரிஞ்சிருந்தா ஆரம்பத்துலயே சொல்லியிருக்க வேண்டியதுதான? எங்களை எதுக்கு வரவச்சிய?"

"இந்த மேஜையைச் சுத்தி எத்தனை பேரு வந்திய, எத்தனை பேரு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிய. டாக்டரைக் கேட்டிய, சாமியைக் கேட்டிய, மீன் ஏலம் விடுதவரைக் கேட்டிய. சீட்டுப் போட்டவ இங்கனதான நின்னுக்கிட்டிருக்கேன், ஒருத்தராவது என்னைக் கேட்டியளா? கொல்லணும்னு வந்தப்பதான் என் கை வேண்டியிருக்கு உங்களுக்கு." அவள் முற்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மதினி, உங்க கை உயிரோட இருக்கு. ஆட்டம் உங்ககிட்ட நிக்கி. வந்து ஆடுங்க."

அமலோற்பவம் நிலைப்படியை மிதித்து உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அலமாரியில் கட்டிவைத்திருந்த சோழிகளைச் சலேத் கொட்டிப் பிரித்து, வலை அறையின் குவியலை அவள் பக்கம் வைத்தாள். அமலோற்பவம் அதை ஒரு கையால் நடுவில் தள்ளினாள், தள்ளிவிட்டுத் தன் சீட்டை எடுத்தாள். மற்றவர்களுக்கு மேஜையைக் கவ்வுகிற சீட்டு அவளுக்கு எழும்பி வந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். ஒரு ராணி. ஒரு மூன்று. ஒரு ஏழு. ஒரு பத்து. இன்னொரு ஏழு.

இரண்டு ஏழு. கஸ்பாரின் இரண்டு ஆறுக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு?" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

"இதுக்குத்தான்" என்றாள் அமலோற்பவம்.

முகம் காட்டின பிறகு அந்த ஐந்து சீட்டும் இன்னும் கொஞ்ச நேரம் எழுந்து தாழ்ந்தன, பிறகு அவசரமில்லாமல் ஆறின. சலேத் அவற்றை எடுத்துச் சீட்டுக்கட்டில் சேர்த்துக் கலைத்தாள். கலந்துபோயின. எது எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. கமிட்டி ஆட்கள் எழுந்தார்கள். அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்று தலைவர் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். முழங்கை பட்டதை நான் அப்பவே பாத்தேன் என்றார் தொபியாஸ்.

மறுநாள் மத்தியானத்துக்குள் கஸ்பார் சாமான்களைக் கட்டிவிட்டான். அமலோற்பவம் தம்பியோடு பேசவில்லை. சலேத்திடம் மட்டும் வந்து, "நீ இரு. முன்னறையை எடுத்துக்க. இவனை வேணும்னா அனுப்பு" என்றாள். சலேத் கொஞ்ச நேரம் அந்த ஜன்னல் பக்கமே பார்க்காமல் நின்றாள். "வேண்டாம் மதினி. அவியளை அனுப்பிட்டு இருந்தா, வீட்டுக்காகத்தான் சொன்னேன்னு ஆயிரும்" என்றாள். அமலோற்பவம் வற்புறுத்தவில்லை. கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்துக் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்துவிட்டு, "தண்ணிக்கு இங்கதான் வரணும் நீ, தெருக்குழாய்க்குப் போகாத" என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் நடந்தார்கள். அவன் தலையில் மூட்டை, அவள் இடுப்பில் குடம், கையில் பாத்திரப் பை. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உள்ளே போனார்கள். ஏல மண்டபம் தாண்டினதும் கஸ்பார் நின்றான்.

"முழங்கையைப் பாத்தேன்னு இத்தனை பேரு முன்னால சொன்னியே. அன்னிக்கே என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நானே சரிபண்ணியிருப்பேன்லா? ஊர் முன்னால என்னை நிக்கவச்சுட்ட."

சலேத் குடத்தை இறக்கி ரோட்டோரத்தில் வைத்தாள். பையை வைத்தாள். இத்தனை நேரம் ஆறியிருந்த ஆத்திரம் மறுபடி ஏறியது.

"நீங்க என்னைக் கேக்கல. கலைன்னுதான் சொன்னிய" என்றாள். "நானும் அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்பு, உங்களுது இல்ல. உங்க தப்பு உங்ககிட்ட இருக்கு. நீங்க அதைச் சரிபண்ணியிருப்பேன்னு என்கிட்ட சொல்லாதிய, குழவி வச்சது நீங்க. இனிமே கேட்டாத்தான் சொல்லுவேன்னு நினைக்காதிய. கேக்காட்டியும் சொல்லுவேன்."

கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து, தலைமூட்டை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.